பொஹீமிய வரலாற்றேட்டில் கொல்லமும் மயிலையும்: ஆயர் மரிஞ்ஞோலியின் வாழ்வும் சான்றும்

முன்னுரை

இடைக்கால ஐரோப்பாவில் வரலாறு எழுதினோருட் பலர் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர்களாவர். தூர் நகரத்துக் கிரகோரி, பிரைசிங்கு நகரத்து ஓட்டோ முதலியோர் தத்தம் மறைமாவட்டங்களைப் பேணிக்கொண்டே தம் காலத்து அரசர் வரலாறுகளையும் வரைந்தனர். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவராயினும் அவர்களைப்போலப் புகழ் பெறாத ஒருவரைப் பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவர், இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரத்தினரும், பிரான்சிஸ்கன் சபைத் துறவியும், பிற்காலத்தில் பிசிஞ்ஞானோ நகரத்து ஆயருமாகிய ஜொவான்னி மரிஞ்ஞோலி என்பவர்.

அவர் எழுதியது பொஹீமிய நாட்டு வரலாறு. அந்நாட்டு வரலாற்றாசிரியர் அந்நூலைப் பெரிதும் மதித்திலர். ஆயினும் அதன் முற்பகுதியில், கூறவந்த பொருளைவிட்டு விலகி ஆசிரியர் தம் பயண நினைவுகளைச் சொல்லும் இடங்கள் பல உள. அவ்விடங்களிற் கொல்லம், மயிலாப்பூர், இலங்கை ஆகியவற்றை 14-ஆம் நூற்றாண்டின் இடையில் நேரிற் கண்டார் ஒருவரின் குறிப்புக்கள் அமைந்துள்ளன. மதுரையிற் சுல்தான்களின் ஆட்சி நிலவிய அக்காலத்துத் தமிழகத்திற்குச் சான்றுகள் அருகியே கிடைத்தலின், இக்குறிப்புக்களின் பெறுமதி மிகுகின்றது.

வேற்று நாட்டார் குறிப்புக்களை நம் வரலாற்றிற்குச் சான்றாகக் கொள்ளுங்கால் இருவகைப் பிழை நேர்தலைக் காண்கின்றோம். ஒன்று, நமக்கு ஏற்புடையன சில இருத்தலால் அனைத்தையும் மெய்யெனக் கொள்ளுதல்; மற்றொன்று, நம்பத்தகாத கூற்று ஒன்று இருத்தலால் அனைத்தையும் பொய்யெனத் தள்ளுதல். மரிஞ்ஞோலியின் நூல் இவ்விரு பிழைக்கும் இடங்கொடுப்பது. அதனை எவ்வாறு சலித்தெடுத்தல் வேண்டுமென்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூதும் செலவும்

மரிஞ்ஞோலி பிளாரன்சு நகரத்து உயர்குடியொன்றிற் பிறந்தவர். அந்நகரத்துத் திருச்சிலுவை மடத்தைச் சார்ந்த துறவி. அவரது பிறப்பு 1290-ஐ ஒட்டியதெனக் கருதுவர். சீன நாட்டை ஆண்ட மங்கோலியப் பேரரசன் தோகோன் தெமூரும், அவன் கீழ்ப் பணிபுரிந்த ஆலானியக் கிறித்தவத் தலைவர்களும் 1336-இல் விடுத்த தூது, 1338-இல் அவிஞ்ஞோன் நகரத்தில் இருந்த போப்பாண்டவர் பன்னிரண்டாம் பெனடிக்டை அடைந்தது. கான்பாலிக் நகரின் முதற் பேராயரான மொந்தேகொர்வீனோ ஜொவான்னி மறைந்தபின் தமக்கு மேய்ப்பர் இலர் என்பது அத்தலைவர்களின் முறையீடு. அதற்கு விடையாக அனுப்பப்பெற்ற குழுவில் மரிஞ்ஞோலியும் ஒருவர்.

அக்குழு 1338 டிசம்பரில் அவிஞ்ஞோனை விட்டுப் புறப்பட்டது; 1339-இல் கான்ஸ்தாந்திநோபிளை அடைந்து, கருங்கடலைக் கடந்து, நடு ஆசியாவின் வழியே 1342-இற் கான்பாலிக்கைச் சேர்ந்தது. இன்று பெய்ஜிங் என வழங்குவது அந்நகரே. போப்பாண்டவர் விடுத்த பெரிய குதிரைகளைக் கண்டு பேரரசன் மகிழ்ந்தான் என்கின்றார் மரிஞ்ஞோலி. இக்கூற்று தனித்து நிற்பதன்று. யுவான் அரச மரபின் வரலாறு, அவ்வாண்டிற் பிராங்கு நாட்டார் அரிய குதிரை ஒன்றைக் கையுறையாகக் கொணர்ந்தனர் என்றும், அதன் உடல் கரியது, பின்னங்கால்களின் குளம்புகள் இரண்டும் வெளியன என்றும், அதன் நீள உயரங்களையும் அளந்து குறித்துள்ளது. கொணர்ந்தார் பெயரை அந்நூல் கூறவில்லை. சீன அரண்மனை எழுத்தர் குதிரையைக் கண்டனர், துறவியைக் கண்டிலர். எனினும் ஒன்றையொன்று அறியாத இரு நூல்கள் ஒரு நிகழ்ச்சியில் ஒத்துநிற்றலின், மரிஞ்ஞோலி தம் செலவைப் புனைந்துரைத்தாரல்லர் என்பது தெளிவாகின்றது.

கான்பாலிக்கில் மூன்று ஆண்டுகளுக்குமேல் தங்கிய பின்னர், அவர் சைத்தூன் துறைமுகத்திற் கலமேறினார். சுவான்சௌ என இன்று வழங்கும் அத்துறைமுகத்தில் 1281-இல் தமிழ் வணிகர் சிவன் கோயில் எடுத்தமையைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளமை நாம் அறிந்ததே. எனவே அவர் வந்த கடல்வழி தமிழர்க்குப் பழகிய வழியே. அவ்வழியாகக் கொல்லத்தை அடைந்த ஆண்டினை 1346 எனச் சிலரும் 1348 எனச் சிலரும் கொள்வர். அங்கு ஓராண்டிற்கு மேல் தங்கி, மயிலாப்பூரில் தோமையார் கல்லறையை வணங்கி, இலங்கையில் இடருற்று, ஓர்முசு, பாக்தாது, எருசலேம் ஆகிய இடங்களின் வழியே 1353-இல் அவிஞ்ஞோனுக்கு மீண்டார். அவரை விடுத்த பெனடிக்டு 1342-லேயே மறைந்திருந்தார். பேரரசனின் ஓலையைப் பெற்றவர் அவருக்குப்பின் இரண்டாமவராகிய ஆறாம் இன்னொசென்று. அவரே 1354-இல் மரிஞ்ஞோலியைப் பிசிஞ்ஞானோவின் ஆயராக்கினார்.

வரலாற்றேடு தோன்றிய முறை

நான்காம் சார்லஸ் பொஹீமியாவின் அரசன்; 1355-இல் உரோமையிற் பேரரசனாக முடிபுனைந்தவன்; 1348-இற் பிராக் நகரிற் பல்கலைக்கழகம் நிறுவியவன்; தன் வாழ்க்கையைத் தானே எழுதிய கல்விமான். இத்தாலிக்கு வந்த காலத்து மரிஞ்ஞோலியின் தொடர்பைப் பெற்ற அவன், அவரைப் பிராக் நகருக்கு அழைத்துச் சென்று, பொஹீமியாவின் பழைய வரலாற்றேடுகளைத் திரட்டித் தெளிவுபடுத்தித் தருமாறு பணித்தான்.

ஆயர் நூலை மூன்று பகுதியாக வகுத்தார். முதற்பகுதி உலகப் படைப்புத் தொடங்கிப் பாபேல் கோபுரம் வரையுள்ள செய்திகளையும், இரண்டாம் பகுதி அரசர் வரலாற்றையும், மூன்றாம் பகுதி குருமார் வரலாற்றையும் கூறுவன. பொஹீமியச் செய்திகளுக்குப் பெரும்பாலும் பிராக் நகரத்துக் கொஸ்மாஸ் முதலிய முன்னோரையே அவர் பின்பற்றினார். புதிதாகச் சேர்த்தது சிறிது. ஆனால் முதற்பகுதியில் ஏதேன் தோட்டம், ஆதாம், வெள்ளப் பெருக்கு ஆகியவற்றை எழுதும்போது, அவையெல்லாம் தாம் நடந்துவந்த கீழ்த்திசை நிலங்களோடு தொடர்புடையன என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்விடங்களிற் பிறர் ஏட்டை விட்டுத் தம் கண்ணையே ஏடாகக் கொண்டார். அரசன் வேண்டியது ஒன்று. முதியவர் நினைவு சென்றது வேறொன்று. வேண்டியதைக் கூறும் பகுதி இன்று கற்பாரின்றிக் கிடப்ப, வேண்டாது புகுந்த பகுதியே அவர் பெயரை நிலைநிறுத்திற்று.

1358-ஐ ஒட்டி அவர் மறைந்தபின் நானூறு ஆண்டுகள் அந்நூல் ஏட்டளவில் உறங்கிற்று. 1768-இல் தொப்னர் என்பார் பொஹீமிய வரலாற்று மூலங்களின் வரிசையில் அதனை அச்சிட்டார். அதனுட் பொதிந்த பயணக் குறிப்புக்களை 1820-இல் மைனெர்ட்டு எடுத்துக்காட்டினார். 1866-இல் ஹென்றி யூல் அவற்றைத் தொகுத்து ஆங்கிலத்தில் விளக்கவுரையுடன் வெளியிட்டார்.

மிளகும் துலாக்கோலும்

மரிஞ்ஞோலியின் குறிப்புக்களுள் தலைசிறந்தது கொல்லத்து மிளகைப் பற்றியது. மிளகுக் காடுகளைப் பாம்புகள் காக்கின்றன என்றும், அவற்றை ஓட்டத் தீயிடுதலாலேயே மிளகு கருநிறம் எய்துகின்றது என்றும் செவில் நகரத்து ஆயர் இசிதோர் 7-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அவருடைய கலைக்களஞ்சியம் இடைக்கால ஐரோப்பாவில் மறுக்கவொண்ணாப் பெருநூல். மரிஞ்ஞோலியோ, மிளகு காட்டில் விளைவதன்று, தோட்டங்களிற் பயிராவது என்கின்றார். கொடிகளைத் திராட்சைக் கொடிபோல் நட்டு வளர்க்கின்றனர். குலைகள் முதலிற் பசுமையாயிருந்து பின் பழுக்கின்றன. உலர்ந்தவற்றைக் கோலால் தட்டித் துணியில் ஏந்துகின்றனர். தீயில் வாட்டுதல் என்பது பொய். இவற்றைத் தாம் கண்ணாற் கண்டதாகவும் கையாற் தொட்டதாகவும் வற்புறுத்துகின்றார். தம் திருச்சபையின் ஆயர் ஒருவரும் அவர் வழி வந்த நூலோரும் சொன்னதை மற்றோர் ஆயர் தோட்டத்தில் நின்று மறுத்தார் என்பது சிறிய செய்தியன்று.

அடுத்து அவர் கூறுவது ஆழ்ந்த ஆய்வுக்குரியது. மிளகின் உடைமையாளர் சாராசேனியர் அல்லர், தோமாக் கிறித்தவரே என்றும், பொதுத் துலாக்கோலின் தலைவர்கள் அவர்களே என்றும், அதன் வருவாயிலிருந்து போப்பாண்டவரின் தூதர் என்னும் முறையில் தமக்குத் திங்கள்தோறும் 100 பொற் 'பண்'ணும், புறப்படும்போது 1000-மும் கிடைத்தன என்றும் எழுதுகின்றார். அவர் எழுதிய நாணயப் பெயர் நம் 'பணம்' என்பதே.

இக்கூற்றை இரு கூறாகப் பிரித்தல் வேண்டும். மிளகு முழுவதும் கிறித்தவருடையது என்பதை அவ்வாறே ஏற்றல் இயலாது. அவர்களிடம் திங்கள்தோறும் பொன் பெற்றவர் அவர்களின் பெருமையைக் கூட்டியுரைத்தல் இயல்பு. மேலும், அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர்க் கொல்லத்தைக் கண்ட இபன் பதூதா, அங்குள்ள இசுலாமிய வணிகரின் செல்வத்தைச் சிறப்பித்துள்ளார். ஆனால் துலாக்கோலைப் பற்றிய கூற்று அத்தகையதன்று. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி. பி. 849-ஐச் சார்ந்தது, வேணாட்டு அய்யனடிகள் வழங்கியது, வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டது. நிறைகோலையும் அளவைகளையும் காக்கும் உரிமையை அது அந்நகரத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளிக்கின்றது. அச்செப்பேட்டை மரிஞ்ஞோலி கண்டார் என்பதற்குச் சான்றில்லை. தமக்குப் பொன் எவ்வழியாக வந்தது என்பதைப் போகிறபோக்கிற் கூறினாரேயன்றி, பழைய உரிமை ஒன்றை நிலைநாட்ட அவர் முயன்றாரல்லர். ஐந்து நூற்றாண்டு இடைவெளியுடைய இவ்விரு சான்றும் ஒரு பொருளில் ஒத்தலின், அவ்வுரிமை ஏதோ ஒரு வடிவில் அவர் காலம் வரை தொடர்ந்தது எனக் கோடல் பொருந்தும் என்பது நம் கருத்து. இடையில் அது அறுந்து மீண்டும் தழைத்திருத்தலும் கூடும். அதனை முடிவு செய்யப் புதிய கல்வெட்டுக்கள் வேண்டும்.

சொற்கள் தரும் சான்று

நிலத்தைச் சேர்ந்த சொற்களை அவர் கேட்டவாறே எழுதும் இடங்களும் நம்பத்தக்கனவே. அடிமரத்திற் காய்ப்பதும், பெரிய ஆட்டுக்குட்டியளவோ மூன்றாண்டுக் குழந்தையளவோ பருப்பதும், கோடரியாற் பிளக்கப்படுவதும், உள்ளே தேனொத்த சுளையும் சமைத்துண்ணும் கொட்டைகளும் உடையதுமாகிய பழம் ஒன்றை அவர் விரித்துரைக்கின்றார். அதற்கு அவர் தரும் பெயர் 'சக்க' எனத் தொடங்குகின்றது. பலாவுக்கு மலைநாட்டில் இன்றும் அதுவே பெயர்.

குடையைப் பற்றிய குறிப்பு இதனினும் சுவையுடையது. ஒற்றைப் பெருங்காலைத் தலைமேல் தூக்கி நிழல் செய்துகொள்ளும் மக்கள் இந்தியாவில் உளர் என்பது மேலைநாட்டுப் பழங்கதை. பல நாடுகளிலும் உசாவியும் அத்தகைய மக்களை யாண்டும் கண்டிலேன் என்றும், அங்குள்ளோரே அத்தகையோர் உம் நாட்டில் உளரோ என என்னை வினவினர் என்றும் மரிஞ்ஞோலி எழுதுகின்றார். பின்னர்க் கதையின் தோற்றத்தையும் ஆராய்கின்றார். இந்தியர் வெயிலுக்கும் மழைக்கும் கைப்பிடியோடு கூடிய சிறு கூடாரம் போன்ற ஒன்றை விரித்துப் பிடிக்கின்றனர். அதனையே புலவர்கள் காலாக்கிவிட்டனர் என்பது அவர் துணிபு. அதன் பெயரைச் 'சத்யிர்' என்னும் ஒலிபடக் குறித்து, ஒன்றைப் பிளாரன்சுக்குக் கொண்டுசென்றதாகவும் கூறுகின்றார். குடையைக் குறிக்கும் வடமொழிச் சத்திரம், பாரசீகச் சத்ர் ஆகியவற்றுள் எதனை அவர் செவியுற்றார் என்பது மொழிநூலார் ஆய்தற்குரியது. துறைமுகங்களிற் பாரசீகச் சொற்கள் பயின்ற காலமாதலின் இரண்டற்கும் இடனுண்டு. விளக்கம் சரியோ தவறோ, கதைக்குக் காரணம் காணப் புகுந்த அம்மனப்பாங்கு போற்றத்தக்கது.

மயிலாப்பூரை அவர் 'மிராப்போலிஸ்' என எழுதினார். ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள 'பூர்' என்பதைக் கிரேக்க மொழியில் நகரைக் குறிக்கும் 'போலிஸ்' ஆக்கிக்கொண்டார் என்பது வெளிப்படை. தோமையார் மயிற்பீலியாலான மேலாடை அணிந்து சென்றார் என அங்கு வழங்கிய கதையையும் எழுதியுள்ளார். மயிலின் பெயர்கொண்ட ஊரில் மயில் கதையினுட் புகுதல் இயல்பே. ஊர்ப்பெயரே கதையைத் தோற்றுவித்தது எனச் சான்றின்றிக் கூறத் துணியோம். எனினும் திருத்தூதர் வரலாற்றிற்கு இது சான்றாகாதாயினும், 14-ஆம் நூற்றாண்டில் மயிலையில் வாழ்ந்தோர் தம் ஊரோடும் பெயரோடும் அவரை எவ்வாறு இணைத்து நினைத்தனர் என்பதற்குச் சான்றாகும்.

மறைநூல் மறைத்த இடங்கள்

இனி மறுபக்கத்தையும் காண்போம். பெண்ணரசி ஒருத்தி ஆண்ட தீவிற்குத் தாம் சென்றதாகவும், அவளால் நன்கு போற்றப்பெற்றதாகவும் கூறும் மரிஞ்ஞோலி, அத்தீவைச் 'சாபா' என்கின்றார். மறைநூலிற் சாலமோனைக் காணவந்த அரசியின் நாடே இது என்பது அவர் நம்பிக்கை. இதன் பயனாக அவர் கண்ட தீவு எதுவென்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமுகமான முடிவில்லை. நாட்டார் வழங்கிய பெயரை அவர் எழுதியிருப்பின் ஐயம் எழுந்திராது. மறைநூற்பெயர் அதனை மூடிவிட்டது.

இலங்கையிலும் அவ்வாறே. பேருவளை எனக் கருதப்படும் துறையில் அவர் ஒதுங்கியபோது, கோயா ஜான் என்னும் அலி ஒருவன் அரசனுக்கு எதிராக அங்கே ஆட்சி செலுத்தினான். முதலில் உபசரித்த அவன், போப்பாண்டவர்க்கெனக் கொணர்ந்த பொன், பட்டு, முத்து முதலியவற்றைக் கடன் என்னும் பெயராற் கவர்ந்துகொண்டு, அவரை நான்கு திங்கள் தடுத்துவைத்தான். இழப்பு 60,000 மார்க்கு என்கின்றார். தொகை மிகைபட்டதாயிருக்கலாம், கடற்கரைத் துறைகளில் இசுலாமியத் தலைவர் தனியாட்சி செலுத்திய நிலையை, 1344-இற் கொழும்பிலிருந்த சலஸ்தி என்பானைப் பற்றிய இபன் பதூதாவின் குறிப்பும் உறுதிப்படுத்துகின்றது.

ஆனால் சிவனொளிபாத மலையை அணுகியவுடன் அவர் நடை மாறுகின்றது. அம்மலையிலிருந்து விண்ணகத் தோட்டம் நாற்பது இத்தாலியக் கல் தொலைவிலுள்ளது, அதன் ஊற்றுநீர் வீழும் ஒலி அங்குக் கேட்கின்றது என நாட்டார் கூறுவதாக எழுதுகின்றார். ஆதாமின் அடிச்சுவடு இரண்டரைச் சாண் நீளம், பிராக் நகரத்து முழக்கோலில் ஏறக்குறைய அரைப்பங்கு என அளவும் தருகின்றார். சில ஆண்டுகள் முன் அங்கு ஏறிய இபன் பதூதாவோ பதினொரு சாண் என்றார். அளவுகள் கொடுக்கப்பட்டிருத்தலாலேயே ஒரு செய்தி நேரிற் கண்டதாகிவிடாது என்பதை இம்முரண் நமக்கு அறிவுறுத்துகின்றது.

எனினும் இப்பகுதியிலும் கொள்ளத்தக்கன உள. மலையடியில் வாழ்ந்த துறவியர் வெறுங்காலர், ஒரு தோளை மறைக்கும் ஆடையர், நாளொன்றுக்கு ஒருமுறை உண்போர், மறுநாளைக்கு உணவு சேமியாதோர், மிகத் தூயர் என அவர் வரையும் ஓவியம் புத்தத் துறவியர்க்குப் பிழையறப் பொருந்துவது. வேற்றுச் சமயத்தாரின் ஒழுக்கத்தை இகழாது எழுதிய நேர்மை குறிப்பிடத்தக்கது. அங்குள்ள மக்கள், வெள்ளப் பெருக்குத் தம்மை அணுகவில்லை என்றும், தாம் காயீன் வழியினருமல்லர், சேத்து வழியினருமல்லர், ஆதாமின் வேறு மக்கள் வழியினர் என்றும் கூறினராம். இது மறைநூலுக்கு மாறாதலின் மேலும் கூறேன் என அங்கே நிறுத்திவிடுகின்றார். ஆயராகிய அவரால் அதனை ஏற்றல் இயலாது. ஆயினும் எழுதாது விடவும் அவர்க்கு மனம் வரவில்லை. கேட்டதை முதலில் எழுதி, அதன் பின்னரே தம் நாவை அடக்கிக்கொண்டார். அவர் அதனை அடித்துவிட்டிருப்பின், இலங்கை மக்கள் தம் தொன்மையைப் பற்றி வேற்றுநாட்டாரிடம் வாதிட்ட செய்தி நமக்குக் கிடைத்திராது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் போதரும். முதலாவது, மரிஞ்ஞோலி தம் முன்னோர் நூலை மறுத்துக் கூறும் இடங்களும், நாட்டுச் சொற்களைக் கேட்டவாறே தரும் இடங்களும் சான்றாதற்கு உரியன. இரண்டாவது, மறைநூல் தந்த வினாக்களோடு அவர் நிலங்களை நோக்கிய இடங்கள், அந்நிலங்களைவிட அவர் உள்ளத்தையே மிகுதியும் காட்டுவன. மூன்றாவது, அவர்க்கு ஊதியமுள்ள கூற்றை வேறு சான்றோடு ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும். தரிசாப்பள்ளிச் செப்பேடு போன்ற உள்நாட்டுச் சான்றே அத்தகைய கூற்றுக்கு உரைகல்லாகும்.

இம்மூன்றும் மரிஞ்ஞோலிக்கு மட்டும் உரியனவல்ல. மார்க்கோ போலோ, ஒதோரிக், இபன் பதூதா ஆகியோரை எடுத்தாளும் நம் ஆய்வாளர், ஓர் ஆசிரியரை முழுதும் நம்புதலையும் முழுதும் தள்ளுதலையும் விடுத்து, ஒவ்வொரு கூற்றும் எதன்பொருட்டுக் கூறப்பட்டது என வினவுவாராயின், சான்று அருகிய அந்நூற்றாண்டின் வரலாறு சிறிது சிறிதாகத் தெளிவுறும். குமரிமுனையை அடுத்து இந்திய எழுத்தும் இலத்தீன் எழுத்தும் பொறித்த தூண் ஒன்றைத் தாம் நாட்டியதாகவும், அது உலகம் முடியுங்காறும் நிற்கும் என்றும் அவ்வாயர் எழுதினார். பேரரசன் அலெக்சாந்தரோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டு அவர் நாட்டிய அத்தூணால் அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. வேறொரு நாட்டின் வரலாற்றை எழுதுகையில் வழிவிலகி எழுதிய சில பக்கங்களாலேயே தெரிகின்றது.